எஃகு வரியும் வர்த்தக ஒப்பந்தமும்: வேட்பாளரிடம் நாம் கேட்க மறக்கும் கேள்விகள்

தேர்தல் நேரத்தில் குடவாசல் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம்? மையவாடிக்குச் சுற்றுச்சுவர், தெருவுக்குச் சாலை, வாய்க்காலுக்குத் தூர்வாருதல், ஊருக்கு நெல் கொள்முதல் நிலையம். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் சுங்க வரி பற்றியோ வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தம் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது டெல்லிக்காரர்களின் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம்.

நம் வயலில் விளையும் நெல்லுக்கும் பருத்திக்கும் என்ன விலை கிடைக்கும், கொட்டகைக்கு வாங்கும் தகடு என்ன விலை, திருப்பூரிலும் ஆம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதில் எல்லாம் அந்த விவகாரத்துக்குப் பங்கு உண்டு. அதனால் அதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்வோம்.

வரியைக் கட்டுவது யார்?

வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போட்டால் அந்த நாட்டுக்காரன் கட்டுவான் என்றே பலரும் நினைக்கிறோம். துறைமுகத்தில் வரியைக் கட்டுபவர் நம் நாட்டு இறக்குமதியாளர். 100 ரூபாய் தகட்டுக்கு 12 சதவீத வரி என்றால் அவருக்கு அடக்கம் 112 ரூபாய். வெளிநாட்டு ஆலை விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், இறக்குமதியாளர் லாபத்தில் கொஞ்சம் விடலாம். மீதி கடை வழியாக வாங்குகிறவர் தலையில்தான் இறங்கும். போட்டி குறைவதால் உள்நாட்டு ஆலையும் விலையை ஏற்ற இடம் கிடைக்கிறது. அந்த ஆலையின் தொழிலாளிக்கு வேலை நிற்கிறது, அரசுக்கு வருவாய் கிடைக்கிறது, வாங்குகிறவருக்குச் செலவு கூடுகிறது.

வர்த்தக ஒப்பந்தம் இதற்கு நேர் எதிரானது. இரு நாடுகள் பேசி, இன்னின்ன பொருளுக்கு வரியைக் குறைக்கிறோம் அல்லது நீக்குகிறோம் என்று எழுதிக்கொள்வது. அதிலும் லாபம் பெறுபவர் ஒருவர், அடி வாங்குபவர் இன்னொருவர்.

அமெரிக்காவில் எஃகு ஓட்டானது எப்படி?

2002 மார்ச்சில் அதிபர் ஜார்ஜ் புஷ் எஃகு இறக்குமதிக்கு 30 சதவீதம் வரை வரி போட்டார். எஃகு ஆலைகள் நிறைந்த பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களின் ஓட்டு அதற்கு ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. உலக வர்த்தக அமைப்பு அந்த வரி விதிகளுக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் புளோரிடா ஆரஞ்சுக்குப் பதில் வரி போடுவோம் என்று எச்சரித்தது. புளோரிடாவும் தேர்தலில் முக்கியமான மாநிலம். 2003 டிசம்பரில் வரி நீக்கப்பட்டது.

2018இல் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் விதித்தார். 2024 தேர்தல் ஆண்டில் ஏப்ரல் மாதம், பைடன் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் எஃகுத் தொழிலாளர்கள் முன் நின்று, சீன எஃகு மீதான வரியை மூன்று மடங்காக்க வேண்டும் என்றார். டிரம்போ எல்லா நாட்டுப் பொருட்களுக்கும் வரி போடுவேன் என்று பிரச்சாரம் செய்தார். ஜெயித்து வந்ததும் 2025 மார்ச்சில் எஃகுக்கு 25 சதவீதமும், ஜூனில் 50 சதவீதமும் ஆக்கினார்.

எதிரெதிர்க் கட்சிகள் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் சாயக் காரணம் எளிது. எஃகுத் தொழிலாளர்கள் ஒரே இடத்தில் சங்கமாக இருக்கிறார்கள், வேட்பாளரைக் கேள்வி கேட்கிறார்கள். எஃகை வாங்குகிறவர்கள் நாடு முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள், கேட்பதில்லை.

நம் நாட்டில்

2022 மே மாதம் உள்நாட்டில் எஃகு விலை ஏறியபோது, பல எஃகுப் பொருட்களின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு 15 சதவீத வரி விதித்தது. வெளியே போவது குறைந்தால் உள்ளே விலை இறங்கும் என்பது கணக்கு. ஆலைகள் எதிர்த்தன. நவம்பரில் அந்த வரி நீங்கியது. 2025 ஏப்ரலில் மலிவான இறக்குமதியைத் தடுக்கத் தகட்டு வகைகளுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தது. முதலாவது வாங்குகிறவர் பக்கம் நின்றது, இரண்டாவது ஆலையின் பக்கம்.

நம் டெல்டாவுக்கு எஃகை விட நெருக்கமானது பருத்தி. சம்பா அறுவடை முடிந்ததும் திருவாரூர் மாவட்டத்தில் கோடைப் பருத்தி போடுகிறோம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் விடுகிறோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானது. திருப்பூர் பின்னலாடையும், நம் சமுதாயத்தவர் பெருமளவில் நடத்தும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலும் கலங்கின. ஆலைகளுக்குக் கைகொடுக்க, பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு அதே மாதம் விலக்கியது. பிறகு அந்தச் சலுகையை டிசம்பர் இறுதிவரை நீட்டித்தது. திருப்பூருக்கு அது நிவாரணம். பருத்தி போட்ட விவசாயிக்கு அது வெளிநாட்டுப் பஞ்சோடு போட்டி. அண்ணன் பருத்தி போட, தம்பி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மிடம் உண்டு. ஒரே உத்தரவு ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமாக இறங்குகிறது.

நெல்லிலும் இதே கதைதான். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி வந்தது. 2024 மக்களவைத் தேர்தல் முடியும் வரை இவை நீடித்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் விலக்கப்பட்டன. அரிசி வாங்கித் தின்பவருக்கு அது பாதுகாப்பு, விளைவிப்பவருக்கு நல்ல விலை கிடைக்கும் வாய்ப்பு அடைபட்டது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கோ கடையில் அரிசி விலை கூடியது.

கொள்முதல் நிலையமும் இதற்கு வெளியே இல்லை. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையோடு 2,500 ரூபாய். இப்படி அரசு விலை வைத்து வாங்கிச் சேமிப்பதற்கு உலக வர்த்தக அமைப்பின் விதிகளில் உச்சவரம்பு உண்டு. 2013இல் பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிக விலக்கின் கீழ்தான் இந்தியாவின் நெல் கொள்முதல் நடந்து வருகிறது. நிரந்தரத் தீர்வு இன்னும் எட்டப்படவில்லை.

கட்சிகள் எங்கே நிற்கின்றன?

ஆசியான் நாடுகளுடன் 2009இல் ஒப்பந்தம் போட்டது காங்கிரஸ் தலைமையிலான அரசு, திமுகவும் அதில் அங்கம். ஆர்.சி.இ.பி. எனப்படும் பெரிய ஆசிய ஒப்பந்தத்துக்கான பேச்சு 2012இல் தொடங்கியதும் அதே ஆட்சியில்தான். 2019இல் எதிர்க்கட்சியாக இருந்த காங்கிரஸ் அதை எதிர்த்தது. பாஜக அரசு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பேச்சைத் தொடர்ந்துவிட்டு, 2019 நவம்பர் 4 அன்று விலகியது. பிறகு 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்துடனும் 2025இல் பிரிட்டனுடனும் ஒப்பந்தம் போட்டது. இடதுசாரிகள் இத்தகைய ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் எதிர்த்தே வந்திருக்கிறார்கள். ஆசியான் ஒப்பந்தத்துக்கு எதிராக 2009இல் கேரளா முழுவதும் மனிதச் சங்கிலியே நடத்தினார்கள். குடவாசல் அடங்கிய நாகப்பட்டினம் தொகுதியில் 2019, 2024 இரண்டிலும் வென்றது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. ஆனால் இந்த நிலைப்பாட்டைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2025 ஆகஸ்ட் 7 அன்று, கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் நூற்றாண்டு விழாவில், விவசாயிகள், மீனவர்கள், பால் உற்பத்தியாளர்கள் நலனில் சமரசம் செய்ய மாட்டோம் என்று பிரதமர் மோடி அறிவித்தார். அந்த வாக்கை ஒவ்வொரு ஒப்பந்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு.

ஏனென்றால் நம் நாட்டில் வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. அமைச்சரவை முடிவெடுத்துக் கையெழுத்திடலாம். நம் எம்.பி. ஓட்டெடுப்பில் தடுக்கவோ திருத்தவோ வாய்ப்பு அரிது. அதனால்தான் தேர்தல் நேரக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி

இந்தக் கேள்வி நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதல்ல. வெளிநாடு செல்லும் நம் வியாபாரிகளிடம் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதியபோது, அவர்கள் வாங்குவது போலவே நீங்களும் வாங்குங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) பதில் அனுப்பினார்கள். அதே உமர் (ரலி) அவர்கள், மதீனாவுக்கு வரும் கோதுமைக்கும் எண்ணெய்க்கும் வரத்து பெருக வேண்டும் என்பதற்காக வரியைப் பாதியாகக் குறைத்து, பருப்பு வகைகளுக்கு முழுப் பத்தில் ஒன்றை வாங்கினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்தச் செய்தி இருக்கிறது. மக்களின் அடுப்புக்கு எது தேவை என்று பார்த்துப் பொருளுக்குப் பொருள் முடிவெடுத்தார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

மக்களவை வேட்பாளரிடம்: நெல், பருத்தி, பால் மீதான இறக்குமதி வரியைக் குறைக்கும் ஒப்பந்தத்தை ஆதரிப்பீர்களா? ஏற்றுமதித் தடை வந்தால் விவசாயிக்கு ஈடு கேட்பீர்களா? ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தில் வைக்கக் குரல் கொடுப்பீர்களா? சட்டமன்ற வேட்பாளரிடம்: வெளிநாட்டு வரியால் வேலை இழப்போருக்கு மாநிலம் என்ன செய்யும்? நெல்லுக்கான ஊக்கத்தொகை உயருமா?

ஓட்டு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். சாட்சி சொல்லும்போது அது நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135வது வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே நம் மூட்டைக்கு என்ன விலை என்பதோடு நிறுத்தாமல், அந்த விலையால் அடுத்த வீட்டுக்கு என்ன ஆகும் என்றும் கேட்போம். ஜமாஅத் கூட்டத்தில் ஒரு முறை உட்கார்ந்து பேசி, இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, வருகிற வேட்பாளர்கள் அனைவரிடமும் ஒரே தாளைக் கொடுப்போம். பதிலையும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துவோம். ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் வருவார்கள், இன்ஷா அல்லாஹ் அப்போது அந்தத் தாள் நம் கையில் இருக்கட்டும்.