நெடுங்காலம் அழியா நஞ்சுகளும் நமது அடுக்களையும்

சுருவில் முதலிய தீவகக் கிராமங்களிற் கிணறும் தோட்டமும் ஒன்றுக்கொன்று அணித்தாகவே உள்ளன. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த மண் ஆழமற்றது. பாறையோ வெடிப்புகள் நிறைந்தது. மாரி மழையாற் சேர்ந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. ஆதலின், தோட்டத்திற் சிந்திய நஞ்சு கிணற்றையடைய நெடுநாட் செல்லாது.

நஞ்சுகளுட் சில விரைவிற் சிதைவன. சில பல்லாண்டு நிலைப்பன. டீ.டீ.ரீ., என்ட்றின், டீல்ட்றின் என்பன பின்னைய இனத்தவை. இவை நீரிற் கரையாது கொழுப்பிற் கரைவதால் மீன், பால், இறைச்சி வழியாக மனித உடலிற் சேர்ந்து தங்குகின்றன. முன்னாளில் இவற்றைக் கமக்காரருக்குச் சிபார்சு செய்தோர் விவசாய உத்தியோகத்தரே என்பதையும் மறைத்தலாகாது. இலங்கையில் டீ.டீ.ரீ. 1976 இலும் எண்டோசல்பன் 1998 இலும் தடை செய்யப்பட்டன. இத்தகைய பொருள்களை ஒழிக்கும் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையை 2005 இல் இலங்கையும் ஏற்றது.

தடை செய்ததும் நஞ்சு மண்ணைவிட்டு நீங்கிவிடாது. யப்பானில், டீல்ட்றின் உபயோகம் நின்று பல்லாண்டு கழிந்த பின்னரும் வெள்ளரிக்காயில் அது காணப்பட்டது. பூசணி, வெள்ளரி இனக் கொடிகள் இந்நஞ்சுகளை வேரினால் உறிஞ்சும் இயல்பு மிக்கவை. அவ்வாறு உட்புகுந்ததைக் கழுவி அகற்றல் இயலாது. மேற்றோலிற் படிந்ததன் ஒரு பகுதியே கழுவுவதாற் போகும். எனவே பழைய மருந்து ரின்கள் புதைக்கப்பட்ட இடத்திலோ, மருந்து வைத்திருந்த கொட்டிலின் அருகிலோ இக்கொடிகளை நடாதீர்கள். இதற்காக மரக்கறி உண்பதைக் குறைக்க வேண்டுமென எவரும் கருதற்க. அதனால் விளையும் கேடே பெரிது.

இனி அடுக்களை. ஒட்டாத் தாச்சிகளின் பூச்சைத் தயாரிப்பதிற் பல்லாண்டுகளாக உபயோகிக்கப்பட்ட ஓர் அமிலம், இயற்கையிற் சிதையாததாகையால், 2019 இல் அவ்வுடன்படிக்கைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தவற்றுட் சிலவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. இத்தகைய தாச்சியை வெறுமையாக அடுப்பில் வைத்துக் காயவிடலாகாது. பூச்சு உரிந்ததை நீக்கிவிடுக. இரும்புத் தாச்சியும் மண்சட்டியும் நம் வீடுகளில் உள்ளனவே. பிட்டவிக்க நீத்துப்பெட்டியினும் நன்று யாதுளது?

இவை யாவற்றினும் அவசரமானது ஒன்றுண்டு. மருந்து வந்த ரின்னையும் போத்தலையும் கழுவி, அவற்றில் மண்ணெண்ணெயோ நல்லெண்ணெயோ குடிநீரோ வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. எத்துணை கழுவினும் அவை உணவுக்குரிய பாத்திரம் ஆகமாட்டா. வெறுமையான கொள்கலத்தை மும்முறை அலசி, அவ்வலசல் நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்துவிடுக. பின்னர் கொள்கலத்தைத் துளையிட்டு, எவரும் எடுத்தாளாவண்ணம் செய்க. தெளிகருவியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவுதல் எக்காரணத்தாலும் ஆகாது.