ஸ்வரம் சரி, பாட்டு ஏன் துண்டுதுண்டாக வருகிறது?

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்து வர்ணத்துக்கு வந்துவிட்டீர்கள். ஸ்வரம் எதுவும் பிசகவில்லை. ஆனாலும், குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் பாட்டு விட்டுவிட்டு வருகிறதா? பழக்கத்தால் சரிசெய்துவிடலாம்.

ஏன் இப்படி ஆகிறது?

ஸ, ரி, க என்று பெயர் சொல்லிப் பாடுகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் வாய் புதிதாகத் தொடங்குகிறது. கூடவே மூச்சையும் தள்ளித் தள்ளி விடப் பழகிவிடுகிறோம். பெயர்களை விட்டுவிட்டு அகாரமாக ('ஆ' என்று மட்டும்) பாடிப் பாருங்கள். 'ஆ-ஹா-ஹா' என்று கேட்டால், கோளாறு மூச்சில்தான்.

ஸ்வரத்தை அதனதன் இடத்தில் பிடித்தால் போதாதா?

கர்நாடக இசையில் போதாது. கீபோர்டில் காந்தாரக் கட்டையை அழுத்தினால் தோடி வராது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசையும்போதுதான் அது தோடியின் காந்தாரம். இந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியும் ராகத்தைச் சேர்ந்ததுதான்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

மோகனத்தில் 'க ப த ப க ரி ஸ' என்ற பிடியை (ராகத்தின் சாயல் தெரியும் சிறு ஸ்வரக் கோவை) எடுத்துக்கொள்ளுங்கள். தம்பூரா ஓடட்டும். முதலில் ஸ்வரமாகப் பாடுங்கள். அடுத்து 'க ப' மட்டும் அகாரத்தில், தொண்டையை அடைக்காமல், நிதானமாக. பிறகு 'க ப த'. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் முழுப் பிடியையும் ஒரே மூச்சில் பாடுங்கள்.

வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் மாறும்போதெல்லாம் வயிறு வெட்டினால் இன்னும் தள்ளுகிறீர்கள். சீராக உள்வாங்கினால் சரியாகப் போகிறது.

மூச்சு பற்றாவிட்டால்?

கார்வையில் (ஸ்வரம் நீண்டு நிற்கும் இடம்) அல்லது ஒரு சொல் முடிந்தபின் எடுங்கள். சொல்லுக்கு நடுவில் எடுத்தால் பொருள் கெடும். மூச்சு எடுக்கும் இடங்களைப் பாட்டு நோட்டில் பென்சிலால் முன்னதாகவே குறித்துவையுங்கள்.

இழைத்துப் பாடினால் ஸ்ருதி விலகாதா?

விலகக்கூடும். போய்ச் சேரும் ஸ்வரம் தன் இடத்தில் நிற்காவிட்டால், இழைவு வெறும் வழுக்கலாகிவிடும். போனில் பதிவுசெய்து கேளுங்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பிடியை மறுபடி ஸ்வரமாகப் பாடிச் சரிபாருங்கள். அதனால் சரளி வரிசையை விட்டுவிடாதீர்கள். அதையே அகாரத்திலும் மூன்று காலம் பாடுங்கள்.

பாடினால் மட்டும் போதுமா?

கேட்கவும் வேண்டும். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. நாகஸ்வரத்தில் எழுத்து கிடையாது, மூச்சுதான் ராகமாகிறது. ஒரு பிடி வந்ததும் நிறுத்திவிட்டு அதை அப்படியே பாடிப் பாருங்கள்.

வகுப்பிலும் புதுப் பிடி வந்தால் உடனே "என்ன ஸ்வரம் சார்?" என்று கேட்காதீர்கள். முதலில் காதில் விழுந்தபடி முழுதாகப் பாடிக்காட்டுங்கள். ஸ்வரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.