உங்கள் இன்டர்நெட் எந்த வழியாக வருகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் பெற்றவர்கள் விரைவிலேயே ஒரு பிரச்னையைச் சந்திப்பார்கள். ஒருநாள் சில இணையதளங்கள் பளிச்சென்று திறக்கும். சில தளங்களோ நத்தை வேகத்தில் வரும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் வரும். அது சில நேரம் உண்மை, சில நேரம் சமாளிப்பு. எது உண்மை என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டுமானால், நம் தகவல்கள் யார் யார் கை மாறி வருகின்றன என்பது தெரிய வேண்டும். அப்படிப்பட்ட கைகளில் மிகப் பெரிய ஒன்று டாடா கம்யூனிகேஷன்ஸ். உங்கள் மாத பில்லில் இந்தப் பெயர் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் பார்க்கும் பல பக்கங்கள் இதன் கேபிள் வழியாக வந்தவையாக இருக்கும்.

டிக்கெட் ஒன்று, வண்டி பல

ஒரு கிராமத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர் டிராவல் ஏஜென்டிடம் ஒரே தொகையாகப் பணம் கட்டிவிடுகிறார். ஆனால் வீட்டிலிருந்து சென்னை வரை வருவது ஒருவர் வண்டி, விமானம் இன்னொருவருடையது. இன்டர்நெட்டும் இப்படித்தான். உங்கள் வீடு வரை ஒயர் இழுத்துக் கொடுப்பவர் இன்டர்நெட் சேவை நிறுவனம். அவரிடம் உலகம் முழுக்கக் கேபிள் இருக்காது. வெளிநாட்டுக்குப் போகும் தகவல்களைச் சுமந்து செல்ல, பெரிய நிறுவனங்களிடம் அவர் மொத்தமாக இடம் வாங்குகிறார். அந்த மொத்த வியாபாரிகளில் ஒருவர்தான் டாடா கம்யூனிகேஷன்ஸ்.

அரசு நிறுவனமாகத் தொடங்கியது

இதன் பழைய பெயர் விதேஷ் சஞ்சார் நிகாம் லிமிடெட், சுருக்கமாக விஎஸ்என்எல். இந்தியாவின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனிக்க 1986-ல் மத்திய அரசு இதை அமைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை இந்தியாவில் தொடங்கி வைத்ததும் இதுதான். அப்போது டயல்-அப் இணைப்பின் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 100 மெகாபிட் இணைப்பு அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வேகமானது!

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இன்டர்நெட் சேவை தரலாம் என்று அனுமதி வந்தது. 2002 பிப்ரவரியில் டாடா குழுமம் விஎஸ்என்எல்-லின் 25 சதவீதப் பங்கை வாங்கி நிர்வாகத்தை ஏற்றது. அதே ஆண்டு ஏப்ரலில், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளில் இருந்த ஏகபோக உரிமையும் முடிந்தது. இனி போட்டியில் பிழைக்க வேண்டுமானால் சொந்தமாகக் கேபிள் வேண்டும் என்ற நிலை.

நல்ல வேளையாக, அப்போது கேபிள்கள் மலிவாகக் கிடைத்தன. டாட்காம் நிறுவனங்கள் கொழித்த காலத்தில் கடலில் ஏராளமாகக் கேபிள் போட்டவர்கள், அந்த அலை ஓய்ந்ததும் வந்த விலைக்கு விற்கத் தயாரானார்கள். டைக்கோ என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான கோடி டாலர் செலவில் அமைத்த, சுமார் 60,000 கிலோமீட்டர் நீளக் கடலடி வலையமைப்பை 2005-ல் விஎஸ்என்எல் வெறும் 13 கோடி டாலருக்கு வாங்கியது. 2006-ல் கனடாவின் டெலிகுளோப் நிறுவனமும் கைக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறியது. அரசு தன்னிடம் மீதமிருந்த பங்குகளை 2021-ல் விற்று முழுமையாக வெளியேறியது.

சாட்டிலைட் அல்ல, கடல்

வெளிநாட்டுத் தகவல் என்றால் சாட்டிலைட் வழியாக வருகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கண்டங்களுக்கு இடையே போகும் தகவல்களில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள்களில்தான் போகிறது. நம் சென்னையிலிருந்தே சிங்கப்பூருக்கு 3,175 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த நிறுவனம் போட்ட கேபிள் 2004 முதல் இயங்குகிறது.

ஆழ்கடலில் இந்தக் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் பைப் பருமன்தான் இருக்கும். நடுவே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். அவற்றில் தகவல் ஒளியாகப் பாய்கிறது. தூரம் போகப் போக ஒளி மங்கும் என்பதால், சுமார் 50 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் ஒளியைக் கூட்டும் கருவிகள் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் கரையிலிருந்து அதே கேபிளில் அனுப்பப்படுகிறது. கரையோரத்தில் மட்டும் பாதுகாப்புக்காக இரும்புக் கம்பிகள் சுற்றிய தடித்த கேபிளைப் பயன்படுத்துகிறார்கள்.

அறுந்தால் என்ன ஆகும்?

உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களுமே காரணம். கப்பலில் போய், அறுந்த முனைகளை மேலே இழுத்து ஒட்டவைத்தால்தான் சரியாகும். அதற்குப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகலாம்.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தன. அவற்றில் ஒன்று விஎஸ்என்எல்-லுக்கும் பங்குள்ள சீ-மீ-வீ 4. இந்தியா முழுவதும் இன்டர்நெட் தவழ்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே இதே கேபிள் மற்றொன்றுடன் சேர்ந்து பழுதானபோது, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேகம் குறைந்தது. மேற்கு வழி அடைபட்டால் தகவல்களைக் கிழக்கே சிங்கப்பூர் வழியாகத் திருப்பி விடலாம். பல வழிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இருக்கும் மதிப்பு அன்றுதான் தெரியும்.

நீங்களே பார்க்கலாம்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியைக் கொடுத்து மீண்டும் என்டர் தட்டுங்கள். தகவல் கடந்து செல்லும் ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு வரியாக வரும். அருகில் இருக்கும் எண்கள், அங்கே போய்த் திரும்ப ஆன நேரம், மில்லி செகண்டில். ஏதாவது வரியில் ஏ, எஸ் என்ற எழுத்துகளை ஒட்டி 6453 என்ற எண் தெரிந்தால், உங்கள் தகவல் டாடா கம்யூனிகேஷன்ஸ் பாதையில் போகிறது என்று பொருள்.

முதல் வரி உங்கள் வீட்டு ரவுட்டர். அங்கேயே எண் பெரிதாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் வை-ஃபையில். லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் வரியில் எண் எகிறி, கடைசி வரை குறையாமலே இருந்தால் உங்கள் சேவை நிறுவனத்திடம் தைரியமாகக் கேட்கலாம். நாட்டைத் தாண்டும் இடத்தில் எண் கூடுவது இயல்பு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். எனவே சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பவே குறைந்தது 32 மில்லி செகண்ட் ஆகும். அமெரிக்கா என்றால் 200-ஐத் தாண்டுவது சகஜம். நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தாலோ, ஒரே ஒரு வரியில் மட்டும் எண் கூடினாலோ பயப்பட வேண்டாம். சில ரவுட்டர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை, அல்லது தாமதமாகச் சொல்கின்றன.

இன்டர்நெட் நன்றாக இருக்கும் ஒருநாளில் இதைச் செய்து, வரும் வரிகளைக் காப்பி செய்து நோட்பேடில் சேமித்து வையுங்கள். மெதுவாகும் நாளில் மீண்டும் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த வரியிலிருந்து தாமதம் தொடங்குகிறது என்று சொல்லிப் புகார் கொடுத்தால், "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று அவ்வளவு சுலபமாகப் போனை வைத்துவிட முடியாது.