லண்டனுக்கு டிக்கெட் போடும் முன்

லண்டன் என்ற பெயரை ஆறு விமான நிலையங்கள் சூட்டிக்கொண்டிருக்கின்றன: ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட். டிக்கெட் தேடும் தளத்தில் ‘லண்டன்’ என்று அடித்தால் ஆறும் ஒரே ஊராக வந்து நிற்கும். விலை குறைந்தது முதலில் வரும். கையும் அதைத்தான் தொடும். நகரின் நடுவிலிருந்து ஹீத்ரோ 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. காட்விக் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். ஸ்டான்ஸ்டெட்டோ வடகிழக்கே 60 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சென்னை என்று டிக்கெட் எடுத்தவரைச் செங்கல்பட்டு தாண்டி இறக்கிவிடுவதைப் போலத்தான் இது.

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நேரடி விமானம் பிடித்தால் ஹீத்ரோதான். அங்கே யோசிக்க எதுவும் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கே தேர்வு வருகிறது. துபாயிலிருந்து ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் மூன்றுக்கும் விமானம் உண்டு. இவற்றில் எது என்று முடிவு செய்ய, விலையைப் பார்க்கும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: முதல் இரவு எங்கே தூங்கப் போகிறீர்கள்?

நம்மில் பலர் போய் இறங்குவது உறவினர் வீட்டில். வீடு குரோய்டன் பக்கம் என்றால் காட்விக் கைக்கெட்டும் தூரம். ஈஸ்ட் குரோய்டனுக்கு ரயிலில் 20 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். மாறாக ஹீத்ரோவில் இறங்கினால் நகரைச் சுற்றியோ குறுக்கே வெட்டியோ வரவேண்டும். ஹாரோ, வெம்ப்ளி, ஈலிங் எல்லாம் மேற்கிலும் வடமேற்கிலும் இருப்பவை, அங்கே போகிறவர்களுக்கு ஹீத்ரோ. ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க், இல்ஃபர்டு ஆகியவை கிழக்கே, ஹீத்ரோவுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனால் 2022 மே மாதம் திறந்த எலிசபெத் லைன் அந்தக் கஷ்டத்தைக் குறைத்துவிட்டது. ஹீத்ரோவிலிருந்து புறப்படும் சில ரயில்கள் நகரின் அடியில் புகுந்து, மேனர் பார்க்குக்கும் இல்ஃபர்டுக்கும் வண்டி மாறாமலே கொண்டுபோய் விடுகின்றன. அழைக்க வருகிறேன் என்று அடம்பிடிக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எம்25 வட்டச்சாலையில் வெள்ளிக்கிழமை மாலை கார் ஓட்டுவது பாசத்தால் மட்டுமே முடிகிற காரியம்.

ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு பிக்கடிலி லைன் ஓரம். இந்தப் பாதாள ரயில் ஹீத்ரோவில் கிளம்பி சவுத் கென்சிங்டன், கோவென்ட் கார்டன், ஹோல்போர்ன், ரசல் ஸ்கொயர், கிங்ஸ் கிராஸ் என்று போகிறது. பார்க்க நினைக்கும் இடங்களில் பாதி இந்த ஒரே தடத்தில் இருக்கின்றன. நடு லண்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், பெட்டி வைக்க இடம் குறைவு, கூட்டம் அதிகம். ஆனால் கட்டணம் 6 பவுண்டு அளவுதான். எலிசபெத் லைன் அதைப் போல் இருமடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு பாதி நேரத்தில் நடு லண்டனில் விடும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பாடிங்டன் சேர்க்கும்; அன்றைக்கு நிலையத்தில் டிக்கெட் எடுத்தால் 25 பவுண்டு கேட்பார்கள். லண்டன் ரயில்களின் பெயரில் எக்ஸ்பிரஸ் என்று இருந்தால் விலையும் எக்ஸ்பிரஸாகத்தான் ஓடும். காட்விக்கிலும் இதே கதை: எக்ஸ்பிரஸை விட்டு அதே நிலையத்தில் நிற்கும் சாதாரண ரயிலைப் பிடித்தால் காசு மிச்சம், நேர வித்தியாசம் சொற்பம்.

ஆகவே விலையை ஒப்பிடும்போது டிக்கெட்டோடு போக வர ரயில் செலவையும் ஆள் கணக்கில் கூட்டுங்கள். ஒருவருக்கு 15 பவுண்டு கூடுதல் என்பது சின்னதாகத் தெரியும். நான்கு பேர் குடும்பத்துக்குப் போக வர அது 120 பவுண்டு. மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். இறங்கும் நேரமும் கணக்கில் வரவேண்டும். நள்ளிரவை ஒட்டி ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கினால் ரயில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஹீத்ரோவில் அந்தப் பயம் குறைவு: வெள்ளி, சனி இரவுகளில் பிக்கடிலி லைன் விடிய விடிய ஓடுகிறது, மற்ற இரவுகளுக்கு என்9 பேருந்து இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தானியங்கிக் கதவு திறக்காது, வரிசையில் நின்று அதிகாரியைப் பார்த்துத்தான் வெளியே வரவேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

டிசம்பர் 25-ஆம் தேதி டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் காரணம் இருக்கிறது. அன்று லண்டனில் பாதாள ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை, மற்ற ரயில்களும் ஓடாது. டாக்ஸி பிடித்தால் அன்றைக்குக் கட்டணம் கூடுதல்.

இன்னொரு கண்ணி, ஒரு விமான நிலையத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறும் டிக்கெட். ஹீத்ரோவில் வந்து காட்விக்கில் பாரிஸுக்கோ ரோமுக்கோ ஏறலாம் என்று தளம் காட்டும், நான்கு மணி நேர இடைவெளி போதும் என்றும் சொல்லும். இரண்டுக்கும் நடுவே நேரடி ரயில் கிடையாது. பேருந்து பிடிக்க வேண்டும், அதற்கு முன் பெட்டியை எடுக்க வேண்டும், அதற்கும் முன் குடிவரவைத் தாண்ட வேண்டும். அதாவது பிரிட்டிஷ் விசா இல்லாமல் இந்த மாற்றம் நடக்கவே நடக்காது. பாரிஸ்தான் அடுத்த ஊர் என்றால் விமானத்தையே மறந்துவிடலாம்: செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸின் நடுவில் இறங்கலாம். ஷெங்கன் விசா எப்படிப் போனாலும் வேண்டும்.

இனி ஊர் சுற்றுவது. பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஒன்று முதல் பத்து வரை ஓடுகிறவர்கள் லண்டனில் அதிகம் பார்ப்பது பாதாள ரயிலின் சுவரைத்தான். வரைபடத்தை விரித்து, ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று பிரியுங்கள். கிழக்கே ஒரு நாள்: காலையில் கதவு திறந்ததும் லண்டன் கோபுரம், 1894-இல் கட்டி முடித்த டவர் பாலத்தை நடந்தே கடந்து தேம்ஸின் தென்கரை, அங்கிருந்து மேற்கே நடை. வழியில் பரோ சந்தை (திங்கள் விடுமுறை), பிறகு டேட் மாடர்ன், மில்லேனியம் நடைபாலம், எதிர்க்கரையில் செயின்ட் பால்ஸ். நாள் முழுவதும் ஒரு ரயிலும் ஏற வேண்டியதில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் இன்னொரு நாள், ஆனால் ஞாயிறு வேண்டாம். அன்று அபே தேவாலயத்தில் வழிபாடு மட்டும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மழை நாளுக்கு என்று சவுத் கென்சிங்டனை ஒதுக்கி வைக்கலாம். இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா ஆல்பர்ட் என்று மூன்று அருங்காட்சியகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, நிலையத்திலிருந்து சுரங்க நடைபாதையே இருக்கிறது. குழந்தைகளோடு போனால் நீலத்திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் அரைமணி நேரம் தானாகப் போகும். நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரே நாளில் முழுதும் பார்த்து முடிக்கும் பிடிவாதம் இங்கே தேவையே இல்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இலவசம்தான், அதற்குத் தனியாக அரைநாள் வேண்டும். அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூரில் இருக்கிறது, மற்றொரு பகுதி இங்கே. எழும்பூரில் பார்த்தவர்கள் இங்கேயும் பார்த்துவிட வேண்டும். அந்த அறை திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எட்டரை வரை திறந்திருப்பதால் கூட்டம் வடிந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

பருவம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஜூனில் இரவு ஒன்பதுக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். மாலை உணவுக்குப் பிறகு ஒரு பூங்கா, ஒரு படகு என்று சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், வெளியே பார்ப்பதெல்லாம் காலையிலேயே முடிந்தாக வேண்டும்.

போக்குவரத்துக்குத் தனி அட்டை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொட்டுக் கட்டும் வசதி உள்ள வங்கி அட்டையே போதும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் தானாக அமையும். ரயிலில் ஏறும்போது தொட்ட அதே அட்டையை இறங்கும்போதும் தொட வேண்டும், பேருந்தில் ஏறும்போது மட்டும். ஒருவருக்கு ஓர் அட்டை. நம் வங்கி இதற்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் போடுகிறதா என்று கிளம்பும் முன் கேளுங்கள். பேருந்தில் ரொக்கம் வாங்குவது 2014-லேயே நின்றுவிட்டது.

திரும்பும் நாளில் முனைய எண்ணைப் பாருங்கள். ஹீத்ரோவுக்குப் போகும் பிக்கடிலி ரயில்கள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை: சில நான்காம் முனையத்துக்கு, சில ஐந்தாம் முனையத்துக்கு. முகப்பில் எழுதியிருப்பதைப் படித்து ஏறுங்கள். மாறி ஏறிவிட்டால் பிரிவுக்கு முந்தைய ஹாட்டன் கிராஸில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். அதையும் தவறவிட்டால் முனையங்களுக்கு இடையே ரயில் இலவசம், அரைமணி நேரம் கையில் இருந்தால் போதும்.