பழைய டெலிவிஷனும் புதிய கருவியும்

சென்ற மார்கழித் தொடக்கத்தில், உறையூர் நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடுகையில், அங்கத்தினர் ஒருவரின் கடன் மனு நம் கைக்கு வந்தது. புதிய டெலிவிஷன் பெட்டி வாங்கப் பணம் வேண்டும் என்பது கோரிக்கை. தறிக்கும் நூலுக்கும் கடன் கேட்போரிடையே இது புதுமையாக இருந்தமையால், அன்று மாலையே காரியதரிசியுடன் அவர் இல்லத்திற்குச் சென்றோம்.

பெரியவருக்கு வயது எழுபத்தெட்டு. குழித்தறியில் அமர்ந்தே முழங்கால் தேய்ந்தவர். காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். ஆயினும் வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் பரமபத வாசல் திறக்கும் வேளையில் அந்தக் கூட்டத்தில் நிற்க அவரால் இயலாது. "பேரன் கைப்பேசியில் காட்டுகிறான், ஐயா. பெருமாளின் ரத்தின அங்கி கடுகளவாகத் தெரிகிறது" என்றார்.

வீட்டில் டெலிவிஷன் இல்லாமலில்லை. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளில் ஒன்று அங்கே இருந்தது. இணையப் படங்களை டெலிவிஷனில் காட்டும் விரலளவுக் கருவி ஒன்றைப் பேரன் வாங்கி வந்திருந்தான். அதைச் செருகுவதற்குரிய எச்.டி.எம்.ஐ. துளை அப்பெட்டியில் இல்லை. கடையில் கேட்டதற்கு ஒரு கேபிளைக் கொடுத்தார்களாம். ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பிளக்குகள். எல்லாம் பொருந்தின, படம் மட்டும் வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டதென்று வீட்டார் முடிவு செய்துவிட்டனர்.

குறை பெட்டியில் இல்லை. எச்.டி.எம்.ஐ. வழியே படம் எண்களாக வருகிறது. பழைய பெட்டியின் மஞ்சள் துளையோ மின்னலையை மட்டுமே அறியும். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வெறும் கேபிளில் அத்தகைய மின்சுற்று ஏதுமில்லை. தமிழ் அறியாதவரிடம் தமிழ்க் கடிதத்தை வேறு உறையிலிட்டுக் கொடுத்தாற்போலத்தான்! இதை விற்போர் அறியாமல் விற்கிறார்களா, அறிந்தே விற்கிறார்களா என்பதை நாம் ஆராயப் புகவில்லை.

வேண்டியது ஒரு சிறு மாற்றிப் பெட்டி. விலை சில நூறு ரூபாய். அதன்மேல் 'எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து ஏ.வி.' என்றிருக்க வேண்டும். எதிர்த்திசையில் மாற்றும் பெட்டியும் அதே உருவில் கிடைப்பதால் ஏமாற இடமுண்டு. கைப்பேசி சார்ஜர் தரும் 5 வோல்ட் மின்சாரம் அதற்குப் போதும். பக்கவாட்டிலுள்ள சிறு விசையை நம் நாட்டு முறையான 'பால்' பக்கம் தள்ளி வைத்தல் அவசியம். மறந்தால் படம் நிறமிழக்கும், அல்லது உருண்டோடும். பெட்டியில் ஒலித்துளை ஒன்றே இருப்பின் வெள்ளை பிளக்கை அதில் செருகலாம். பின்னர் ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை அழுத்த வேண்டும். இதை அழுத்தாமலே பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுத்த வீடுகளையும் நாம் அறிவோம்.

ஆன்டெனாத் துளை ஒன்றே உள்ள பெட்டிகளுக்கும் வழியுண்டு. 1980-களில் வாடகை வீடியோ டெக்கை அத்துளையில் இணைத்துத் திரைப்படம் கண்டோமல்லவா? 'மாடுலேட்டர்' எனும் கருவி அதே வேலையைச் செய்கிறது. அது ஒளிபரப்பும் சேனலுக்குப் பெட்டியை டியூன் செய்தால் போதும். ஆனால் மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் உட்சட்டமே மின்சாரத்துடன் நேரே இணைந்திருக்கும். அவற்றில் ஓட்டையிட்டு ஏ.வி. துளை பொருத்தித் தருவதாகச் சொல்வோரை நம்பலாகாது. தொட்டவர் உயிர் போகக்கூடும்.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதென்று நாம் கூறமாட்டோம். அகலப் படம் சிறு திரையில் மேலும் சுருங்கும், எழுத்துகள் மங்கும். வாழை பயிரிடுவோர் சங்கமொன்று சந்தை விலைப் பட்டியலை அங்கத்தினர்க்குக் காட்டப் புதிய பெட்டி கோரியபோது, நாம் மறுப்பின்றிப் பரிந்துரைத்தோம். விலையைப் பிழையாகப் படித்துத் தார்களை விற்றுவிட்டால் நஷ்டம் அவர்களுடையது. பெருமாளைத் தரிசிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

மாற்றி வாங்கி இணைத்த அன்று முதலில் கறுப்பு வெள்ளையாகவே படம் வந்தது. விசையைத் தள்ளியதும் நிறம் பிறந்தது. ஏகாதசிக்கு மறுநாள் பெரியவர் சங்கத்திற்கு வந்து பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பாவு நூல் வாங்க வேறொரு மனுவைக் கொடுத்துச் சென்றார்.