லேட்டன்சி என்றால் என்ன? சாட்டிலைட் இன்டர்நெட்டின் அரை வினாடிக் கணக்கு

டி.வி. செய்திகளில் இதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டூடியோவில் இருப்பவர் கேள்வி கேட்டு முடித்துவிடுவார். சம்பவ இடத்தில் ஓ.பி. வேன் பக்கத்தில் மைக்குடன் நிற்கும் நிருபர் சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு, பிறகுதான் பேச ஆரம்பிப்பார். கேள்வி அவர் காதுக்குப் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகிறது. இந்தத் தாமதத்துக்குத் தகவல் தொடர்புத் துறையில் வைத்திருக்கும் பெயர்தான் 'லேட்டன்சி'.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பு எடுப்பவர்கள் "எத்தனை எம்.பி.பி.எஸ்.?" என்று மறக்காமல் கேட்கிறார்கள். லேட்டன்சி எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வீடியோ காலில் இருவர் பேச்சும் ஒன்றோடொன்று மோதுவதற்கும், ஆன்லைன் கேமில் நீங்கள் பட்டனை அழுத்துவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுவதற்கும் பல நேரங்களில் இதுதான் காரணம்.

வேகம் வேறு, லேட்டன்சி வேறு

எங்கள் விக்கிரமசிங்கபுரம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கிறார்கள். ஆற்றிலும் கால்வாயிலும் ஓடி, கடைமடை வயலுக்கு அது வந்து சேர நேரமாகும். கால்வாய் அகலமாக இருந்தால் நிறையத் தண்ணீர் வரும். அதற்காக முதல் தண்ணீர் உடனே வந்துவிடாது. தூரத்தைக் கடந்துதான் வரவேண்டும்.

கால்வாயின் அகலம்தான் பேண்ட்வித். எம்.பி.பி.எஸ். என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். திறந்த தண்ணீர் வந்து சேரும் நேரம்தான் லேட்டன்சி. இதை மில்லி செகண்டில் அளக்கிறார்கள். ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தது ஒரு வினாடி.

சாட்டிலைட்டில் ஏன் அதிகம்?

நம் மாடியில் இருக்கும் டி.டி.எச். டிஷ்ஷை ஒருமுறை சரியான திசையில் பொருத்திவிட்டால் பிறகு அசைக்க வேண்டியதில்லை. காரணம், அது பார்க்கும் சாட்டிலைட் பூமி சுழலும் அதே கணக்கில் சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கிறது. இப்படி நிற்க வேண்டுமானால் அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். நீங்கள் ஒரு வெப்சைட்டைக் கேட்டால், அந்தக் கோரிக்கை மேலே 36,000 கி.மீ. ஏறி, தரை நிலையத்துக்கு 36,000 கி.மீ. இறங்கும். பதிலும் அதே வழியில் திரும்ப வரவேண்டும். மொத்தம் 1,44,000 கி.மீ. ரேடியோ அலை ஒரு வினாடியில் 3 லட்சம் கி.மீ. போகும். அப்படியும் 480 மில்லி செகண்ட் ஆகிவிடும். கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் 600-ஐத் தொடும்.

ரேமைக் கூட்டினாலும், விலை கூடிய பிளானுக்கு மாறினாலும் இந்த அரை வினாடி குறையாது. டி.வி. பார்க்கும்போது மட்டும் இது ஏன் தெரிவதில்லை? அது ஒருவழிப் பாதை. நாம் பதில் பேசுவதில்லையே!

அந்தமான் தரும் பாடம்

சென்னையில் இருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜய புரம், சுமார் 1,400 கி.மீ. தூரம்தான். ஆனால் பல ஆண்டுகள் அந்தமான் தீவுகளின் இன்டர்நெட் பெரிதும் சாட்டிலைட்டை நம்பியே இருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் இருந்து கடலுக்கடியில் போட்ட ஃபைபர் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. தீவுகளை இணைக்கும் பகுதியும் சேர்த்து மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ. ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். முழு நீளத்தையும் கடக்க 12 மில்லி செகண்ட் போதும்.

தாழப் பறக்கும் சாட்டிலைட்கள்

உயரத்தைக் குறைத்தால் தாமதமும் குறையும். ஸ்டார்லிங்க் சாட்டிலைட்கள் சுமார் 550 கி.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரத்திலும், ஒன்வெப் சாட்டிலைட்கள் 1,200 கி.மீ. உயரத்திலும் சுற்றுகின்றன. அலை பயணம் செய்யும் நேரம் 20 மில்லி செகண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் இவை ஓரிடத்தில் நிற்காது. ஒன்று மறைவதற்குள் அடுத்தது வரவேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன.

ஒன்வெப்பின் 72 சாட்டிலைட்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இஸ்ரோவின் எல்.வி.எம்.-3 ராக்கெட் ஏற்றிச் சென்றது. அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கும் இடம் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி!

நீங்களே அளந்து பார்க்கலாம்

ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். இது கூகுளின் சர்வர் முகவரி. நான்கு வரிகள் வரும். ஒவ்வொன்றிலும் 'டைம்' என்ற இடத்தில் உள்ள எண்தான் போய் வரும் லேட்டன்சி. கடைசியில் சராசரி இருக்கும்.

ஃபைபர் இணைப்பில் இது பொதுவாக 50-க்குள் இருக்கும். அதிகமாக இருந்தால் உடனே கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோடுகளை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். வைஃபைக்குப் பதில் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். எண் இறங்கினால் கோளாறு வீட்டுக்குள்தான்.

யாருக்கு எது?

ஒருவர் பேச்சு மற்றவருக்குப் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். எனவே வீடியோ கால், ஆன்லைன் கேம், வெளியூரில் இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்குவது ஆகியவற்றுக்கு லேட்டன்சி குறைவான இணைப்பே வேண்டும். மெயில், பாட வீடியோ, பைல் டவுன்லோட் போன்றவற்றுக்கு அரை வினாடி பெரிய விஷயமில்லை.

அதனால் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊருக்கு மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்தக் காட்டுக்குள் கேபிள் பதிப்பதும் டவர் நிறுத்துவதும் சுலபமல்ல. மலை மறைக்கும் இடத்திலும் தலைக்கு மேலே வானம் திறந்திருந்தால் டிஷ் வேலை செய்யும். மலைக்குள் இருக்கும் ஒரு குடியிருப்பில் இருந்து டாக்டரிடம் பேச வேண்டுமென்றால், அரை வினாடி காத்திருந்து பேசிக்கொள்ளலாம்.

அடுத்த முறை இணைப்பு எடுக்கும்போது எம்.பி.பி.எஸ். கேட்டதும் "பிங் எவ்வளவு வரும்?" என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டில் அதே இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. அங்கேயே அளந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.