குறட்டையோடு மூச்சும் நின்றால்...

"எங்க வீட்டுக்காரரு படுத்தா போதும், குறட்டை பக்கத்து காம்பராவுக்கே கேட்கும். அப்படி ஒரு தூக்கம்!" என்று லயத்தில் நாம் சிரித்துப் பேசுவதுண்டு. ஆனால், பலத்த குறட்டை எப்போதும் நல்ல தூக்கத்தின் அடையாளமல்ல. குறட்டை திடீரென நின்று, மூச்சும் நின்று, சற்று நேரத்தில் திணறலோடு மறுபடி தொடங்கினால் அது ஒரு நோய்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். நோய் கடுமையானால், ஒரு மணித்தியாலத்தில் 30 தடவையோ அதற்கு மேலோ இப்படி நடக்கும்.

இதற்கும் பாரிசவாதத்துக்கும் என்ன தொடர்பு? மூச்சு நிற்கும்போது இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, பிரஷர் ஏறுகிறது. இரவில் இறங்கவேண்டிய பிரஷர் இறங்காமல், நாளடைவில் பகலிலும் கூடியே நிற்கும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் பழுதடையும். சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, இதயத்தில் இரத்தம் கட்டிபட்டு, அந்தக் கட்டி மூளைக் குழாயில் போய் அடைக்கும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாதமோ மரணமோ நேரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

உடல் பருத்தவர்களுக்கும் கழுத்து தடித்தவர்களுக்கும் இது கூடுதலாக வரும். பெண்களுக்கும் வரும். காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போதே தலையிடி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் கவனியுங்கள்.

தூங்குபவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே, கண்டதைத் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள். பிரஷரை அளந்து பாருங்கள். தேவையானால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் இயந்திரமும் உண்டு. நாம் செய்யக்கூடியவை: படுக்கும் முன் சாராயம் வேண்டாம், அது தொண்டையை இன்னும் தளர்த்தும், ஒருக்களித்துப் படுங்கள், உடம்பைக் குறையுங்கள், பீடி, சிகரட்டை விடுங்கள், பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம். குடிக்க எதுவும் கொடுக்காமல் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். "விடியட்டும், பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள்.